கைதட்டியது போதும், முதல் ஆர்டரைக் கொடுங்கள்!

(கோவில்பட்டியில் கல்லூரி மாணவர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

சில காலத்திற்கு முன் ஒரு கல்லூரியில் நடந்த தொழில் திட்டப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். மேடை ஏறிய நான்கு மாணவர்களில் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளை. கரிசல் காட்டு வத்தலைப் பொடியாக்கிச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்து விற்பது அவர்களுடைய திட்டம். வண்ணப் படங்கள், வளைகோடுகள், மூன்றாம் வருடத்தில் ஒரு கோடி ரூபாய் வியாபாரம் என்று அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். நடுவர்களில் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, கடைக்காரர் உங்கள் சரக்கை இறக்கிக்கொண்டு எத்தனை நாள் கழித்துப் பணம் தருவார்?"

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் வரவில்லை.

மூன்றாவது வரிசையில் அந்தப் பையனின் தகப்பனார் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருடமாக மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன்: "பதில் உங்களுக்குத் தெரியுமே, பாய்?" அவர் சொன்னார்: "தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அவன் என்கிட்டக் கேக்கவே இல்லையே." பையன் சொன்னான்: "அத்தா கடையைப் பார்ப்பாங்க. இது காலேஜ் விஷயம்னு நினைச்சேன்."

அந்தக் குழுவுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. ஒரு கோப்பை, ஒரு சான்றிதழ், கைதட்டல். அன்று மாலையோடு திட்டமும் முடிந்தது. கேள்வி மேடையிலும் பதில் மூன்றாவது வரிசையிலுமாகப் பிரிந்து கிடந்த அந்த முப்பதடி தூரத்தைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

போட்டி எப்படிப் பிறந்தது?

1984-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 'மூட் கார்ப்' என்ற போட்டியைத் தொடங்கினார்கள். சட்டக் கல்லூரி மாணவர்கள் மாதிரி நீதிமன்றத்தில் வாதாடிப் பழகுவதைப் போல, வணிகம் படிக்கும் மாணவர்கள் முதலீட்டாளர்கள் முன்னால் தங்கள் திட்டத்தை வைத்து வாதாடிப் பழக வேண்டும் என்பது யோசனை. 1990-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி. 10,000 டாலர் பரிசோடு ஒரு போட்டியை ஆரம்பித்தது. இன்று அந்தப் பரிசு ஒரு லட்சம் டாலர்.

1998-ல் அதே எம்.ஐ.டி. போட்டியில் ஒரு கணிதப் பேராசிரியரும் அவருடைய மாணவரும் கலந்துகொண்டார்கள். இறுதிச் சுற்றுவரை வந்தார்கள். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டத்திலிருந்து எழுந்த 'அகமாய்' நிறுவனம் இன்று உலக இணையப் போக்குவரத்தைச் சுமக்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்று. பரிசு வேறு, வியாபாரம் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் 'யுரேகா' என்ற போட்டியைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறார்கள். உலக அளவில் 'ஹல்ட் பரிசு' என்ற போட்டி இருக்கிறது. பத்து லட்சம் டாலர் பரிசு. 2009-ல் அதை ஆரம்பித்தவர் பாலஸ்தீன வம்சாவளியில் வந்த அமெரிக்க இளைஞர் அஹ்மத் அஷ்கர். அப்போது அவரும் ஒரு மாணவர்தான். 2017-ல் அதை வென்றவர்கள் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்கு பேர். அவர்களது திட்டம் விண்கலம் விடுவதல்ல. கராச்சியின் ஒராங்கி பகுதியில் வாழும் அகதிகளுக்கு ரிக்ஷா பயண வசதி செய்து தருவதுதான். எங்கோ இருக்கும் பெரிய நகரத்தை அவர்கள் காப்பியடிக்கவில்லை. கண்ணெதிரே இருந்த ஒரு கஷ்டத்தை எடுத்துக் கணக்குப் போட்டார்கள்.

தமிழ்நாட்டிலும் கதவுகள் திறந்திருக்கின்றன. தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்காகப் புத்தாக்கப் போட்டிகளை நடத்துகிறது. அரசின் 'ஸ்டார்ட்அப் டிஎன்' அமைப்புக்குத் திருநெல்வேலியிலேயே வட்டார மையம் இருக்கிறது. நம் சமுதாயத்தார் எழுப்பிய வண்டலூர் கிரசெண்ட் நிறுவனத்தில் புதிய தொழில்களை வளர்த்தெடுப்பதற்கென்றே தனி அமைப்பு செயல்படுகிறது. கோவில்பட்டியில் 1984-லிருந்து பொறியியல் கல்லூரி இருக்கிறது. 2007-ல் பெற்ற 3.5 சதவீத இட ஒதுக்கீட்டால் நம் பிள்ளைகள் கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறார்கள். உள்ளே போனவர்கள் என்னவாக வெளியே வருகிறார்கள் என்பதுதான் இனி நம் கவலையாக இருக்க வேண்டும்.

எழுதிவைக்கும் மார்க்கம் நம்முடையது

"வியாபாரம் எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது, அதை ஏன் பேப்பரில் எழுத வேண்டும்?" என்று வணிகப் பெருமக்கள் கேட்கலாம். ஒன்று சொல்கிறேன். திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் எது? தொழுகையைப் பற்றியதா, நோன்பைப் பற்றியதா? அல்ல. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்க வேண்டும், சாட்சி வைக்க வேண்டும் என்று கட்டளையிடும் வசனம். எழுதுவதற்கு இத்தனை முக்கியத்துவம் தந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அண்ணன் தம்பிக்குள் கூட்டு வியாபாரத்தை வாய்வார்த்தையில் ஆரம்பித்து, பத்து வருடம் கழித்து ஜமாஅத்தில் பஞ்சாயத்துக்கு வந்து நிற்கிறோம். எழுதாமல் விட்ட ஒரு தாளுக்காகப் பிரிந்த குடும்பங்கள் உங்கள் தெருவிலும் இருக்கின்றன.

இந்தப் போட்டிகள் மாணவருக்குக் கற்றுத்தரும் நல்ல பாடம் இதுதான். பணத்தைப் போடுவதற்கு முன் கணக்கைப் போடு. சொந்தக்காரர்களின் பாராட்டை நம்பாதே. முன்பின் தெரியாத ஒருவர் குறுக்குக் கேள்வி கேட்கட்டும், அதற்குத் தாக்குப்பிடிக்கிறதா பார்.

அந்த நடுவர் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் தினமும் 10,000 ரூபாய்க்கு வத்தல்பொடியைக் கடைகளுக்குக் கடனில் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் 45 நாள் கழித்துப் பணம் தருகிறார். முதல் ரூபாய் கைக்கு வருவதற்குள் 4,50,000 ரூபாய் சரக்கு வெளியே நிற்கிறது. விற்பனையில் இருபது சதவீதம் லாபம் என்று கழித்தாலும் 3,60,000 ரூபாய் அவருடைய கைப்பணம் முடங்கிக் கிடக்கிறது. காகிதத்தில் லாபம், கல்லாவில் காற்று! இதோடு முடிந்ததா? வத்தல் சீசனில்தான் மலிவு. அப்போது மொத்தமாக வாங்கி வைக்க வேறு பணம் வேண்டும். இல்லையென்றால் மற்ற மாதங்களில் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். மேடையில் நின்ற பிள்ளைகளுக்கு இது தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த அத்தாவுக்கு இது மட்டும்தான் தெரியும். படங்கள் வரையவும், புதிய சந்தையைத் தேடவும், இணையத்தில் விற்கவும் அவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்திருந்தால் அது திட்டமாகியிருக்கும்.

கரிசல் மண் கேட்கும் கேள்விகள்

மாணவர்கள் கொண்டுவரும் திட்டங்களைப் பார்க்கிறேன். சென்னையிலும் பெங்களூரிலும் ஏற்கெனவே இருக்கும் செயலிகளின் நகல்களாகவே பல இருக்கின்றன. வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் செயலி கோவில்பட்டிக்கு ஒன்று, எட்டயபுரத்துக்கு ஒன்று! கரிசலைச் சுற்றிக் கிடக்கும் கேள்விகளை எடுப்பார் இல்லை.

விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் மானாவாரி மிளகாய். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, பழுத்ததைப் பறித்து, வெட்டவெளியில் தரையில் கொட்டிக் காயவைக்கிறார்கள். எதிர்பாராத தூறல் விழுந்தால் நிறம் போச்சு. ஈரம் தங்கினால் பூஞ்சணம். வத்தலில் ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டி இறங்கினால்தான் கெடாமல் இருக்கும். தூசும் ஈரமும் இல்லாமல் சிறு விவசாயி காயவைக்க மலிவான உலர்த்தி எது? ஐந்து விவசாயிகள் சேர்ந்து வாங்கினால் எத்தனை சீசனில் போட்ட பணம் திரும்பும்? இது ஒரு திட்டம்.

கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வரையறுத்த இந்த வட்டாரத்துக்கு வெளியே செய்த மிட்டாயை அந்தப் பெயரில் விற்க முடியாது. பெயர் கிடைத்துவிட்டது; பெயரோடு சரக்கு எவ்வளவு தூரம் போகிறது? காற்றில் ஈரம் அதிகமான ஊர்களில் மொறுமொறுப்பு குறையாமல் எத்தனை நாள் நிற்கும்? எந்தத் தாளில் சுற்ற வேண்டும்? கொழும்பிலும் கோலாலம்பூரிலும் துபாயிலும் நம் உறவினர்கள் மளிகைக் கடை வைத்திருக்கிறார்களே, அவர்களது அலமாரியில் அது ஏறுவதற்கு என்ன முத்திரை, என்ன பரிசோதனை வேண்டும்? இது இன்னொரு திட்டம்.

தீப்பெட்டியைப் பாருங்கள். 2007-ல் ஒரு ரூபாயான பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. பதினான்கு வருடம்! அந்தக் காலத்தில் மெழுகும் அட்டையும் சிவப்புப் பாஸ்பரசும் குளோரேட்டும் கூலியும் ஒரே விலையில் நின்றனவா? நிற்கவில்லை. "வருடா வருடம் பத்து சதவீதம் விலை ஏற்றுவோம்" என்று திட்டத்தில் எழுதும் மாணவர், ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியிடம் பத்து நிமிடம் பேசினால் போதும்; சில சரக்குகளுக்கு விலையை வைப்பது உற்பத்தியாளர் அல்ல, சில்லறைக் காசுதான் என்பது புரிந்துவிடும்.

இந்தத் தீப்பெட்டித் தொழில் இங்கே எப்படி வந்தது? 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அங்கே தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-ல் திரும்பினார்கள். மழை இல்லை என்று ஊரே அழுத வறட்சியை, தீக்குச்சி உலர்வதற்கு ஏற்ற வரம் என்று கண்டார்கள். சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று தொழில் பரவியது. அவர்களுக்குப் பின்னால் ஒரு சமுதாயத்தின் ஏற்பாடும் இருந்தது. அந்தச் சமுதாய வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று ஒதுக்கிப் பள்ளிக்கூடங்களை எழுப்பினார்கள். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. பக்கத்து வீட்டுச் சகோதரர்களிடம் நல்லதைக் கற்றுக்கொள்வதில் நமக்கு என்ன வெட்கம்?

வட்டி என்னும் சுவர்

இளைஞர்களே, உங்கள் மனதில் இருக்கும் ஒரு தயக்கத்தை வெளிப்படையாகப் பேசுவோம். தொழில் தொடங்க அரசு தரும் மானியங்களில் பல, வங்கிக் கடனோடு பிணைக்கப்பட்டவை. புதிய தொழில் முனைவோருக்கான 'நீட்ஸ்' திட்டமும் அப்படித்தான். வட்டியைத் தவிர்க்க நினைக்கும் பிள்ளை அந்த வாசலில் தயங்கி நிற்கிறான். கடைசியில் விசா எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிறான். சச்சார் குழு 2006-ல் சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்: உழைக்கும் முஸ்லிம்களில் 61 சதவீதம் பேர் சுயதொழில் செய்பவர்கள். நாட்டில் கடையையும் கைத்தொழிலையும் நம்பி வாழ்வதில் முன்னால் நிற்கும் சமுதாயம், முதலீடு கிடைப்பதில் பின்னால் நிற்கிறது.

இந்த இடத்தில்தான் போட்டிகளின் அருமை தெரிகிறது. பரிசுப் பணம் கடன் அல்ல. அதற்கு வட்டி இல்லை. ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் 'டான்சீட்' திட்டத்தில், தேர்வாகும் நிறுவனத்துக்கு ஆதார நிதி தந்து, பதிலாகச் சிறு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். பங்கு என்பது நமக்குப் புதிய செய்தியா? அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இளமையில் கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை எடுத்துக்கொண்டு சிரியாவுக்கு வணிகம் செய்யப் போனார்கள். ஒருவர் முதல், இன்னொருவர் உழைப்பு. லாபத்தை முன்கூட்டிப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்வது. கவனக்குறைவு இல்லாமல் நட்டம் வந்தால் முதல் போட்டவர் பணத்தை இழக்கிறார், உழைத்தவர் உழைப்பை இழக்கிறார். இதுதான் முளாரபா. முதலீட்டாளர் முன் நின்று திட்டத்தை விளக்கும் மாணவர் அந்நிய நாட்டு வழக்கத்தைப் பின்பற்றவில்லை. நம் வீட்டுப் பழக்கத்துக்குத் திரும்புகிறார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு போட்டியின் நிபந்தனையையும் வரிவரியாகப் படியுங்கள். எது இனாம், எது பங்கு, எது பெயர் மாற்றிய கடன் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆலிம்களிடமும் கணக்காயரிடமும் கேளுங்கள்.

என்ன செய்யப் போகிறோம்?

வணிகப் பெருமக்களே, உங்களிடம் நன்கொடை கேட்டு வரவில்லை. இரண்டு காரியங்கள் கேட்கிறேன். ஒன்று, உங்கள் கடை வாசலை ஒரு மாணவருக்கு ஒரு மாதம் திறந்துவிடுங்கள். கொள்முதல், கழிவு, பாக்கி, வசூல் எல்லாவற்றையும் அவர் பார்க்கட்டும். இரண்டு, திட்டம் சரியாக இருந்தால் கைதட்டிவிட்டுப் போகாதீர்கள். முதல் ஆர்டரைக் கொடுங்கள். 5,000 ரூபாய் சரக்கானாலும் ரொக்கத்துக்கு வாங்குங்கள். சரக்கு மட்டமாக இருந்தால் ஏன் என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். கோப்பையால் கற்றுத்தர முடியாததை அந்த ஒரு ஆர்டர் கற்றுத்தரும். சிறு உற்பத்தியாளருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. சட்டத்துக்கு முன் நாம் நேர்மையாக நடந்து காட்டுவோம்.

ஜமாஅத் நிர்வாகிகளே, வருடத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். திருமண மண்டபம் போதும், மேடை அலங்காரம் வேண்டாம். ஐந்து வணிகர்கள் நடுவர்களாக உட்காரட்டும். ஊரிலுள்ள எந்தச் சமுதாயப் பிள்ளையும் வரட்டும். நல்ல திட்டத்துக்குச் சாதி மதம் கிடையாது. மகமையைப் போல வணிகர்கள் மாதம் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால் நிதி தானாகச் சேரும். ஜகாத் பணத்தில் கை வைக்க வேண்டாம். அது எட்டு வகையினருக்கு உரியது. அந்த வகைக்குள் வரும் ஏழை மாணவருக்கு மட்டும், ஆலிம்களின் வழிகாட்டலோடு கொடுக்கலாம்.

அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நம் கோரிக்கை இரண்டு. போட்டிகளைத் தமிழிலும் நடத்துங்கள். உளுந்து விலையை விரல் நுனியில் வைத்திருக்கும் கரிசல் காட்டுப் பிள்ளை, ஆங்கிலத்தில் பேச வராத ஒரே காரணத்தால் முதல் சுற்றிலேயே வெளியேறுவது அநியாயம். சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோ, கடனோடு நிற்காமல் லாபத்தில் பங்கு பெறும் முறையையும் கொண்டுவர வேண்டும்.

சகோதரிகளே, இது ஆண்களின் அரங்கம் என்று ஒதுங்காதீர்கள். நபியவர்களின் வணிகத்துக்கு முதல் போட்டவர் ஒரு பெண்மணி என்பதை ஒருகணம் நினையுங்கள்.

மாணவர்களே, முடிவாக உங்களுக்கு. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) மக்காவை விட்டு மதீனாவுக்கு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. ஸஅத் பின் ரபீஉ (ரலி) தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவருக்காக துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி எது என்றுதான் அப்துர் ரஹ்மான் கேட்டார். அன்றே பாலாடைக் கட்டியும் நெய்யும் வாங்கி விற்று லாபத்தோடு திரும்பினார். பின்னாளில் மதீனாவின் பெருஞ்செல்வந்தர்களில் ஒருவரானார்.

நீங்களும் முதலில் சந்தைக்கு வழி கேளுங்கள். திட்டத்தின் முதல் பக்கத்தை எழுதுவதற்கு முன் பத்துக் கடைக்காரர்களைப் பாருங்கள். கடைசிப் பக்கத்தில், இந்தத் தொழில் எந்தெந்தக் காரணத்தால் தோற்கும் என்று நீங்களே எழுதுங்கள். போட்டியில் தோற்றால் கவலை வேண்டாம். தாளில் தோற்றவனுக்குச் செலவு ஒரு தாள்தான், கடை போட்டுத் தோற்றவனுக்கு வீட்டுப் பத்திரம் போகும். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "கடைக்காரர் எத்தனை நாள் கழித்துப் பணம் தருவார்?" என்று கேளுங்கள். அந்த முப்பதடி தூரம் அங்கேயே குறைய ஆரம்பித்துவிடும், இன்ஷா அல்லாஹ்.

வல்ல இறைவன் நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.